சீட்டைக் கவிழ்க்கவே மாட்டேன் என்கிற எதிராளியிடம் போக்கர் ஆடுவது எப்படி?

கேள்வி: பாளைச் சீட்டாளி

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உறவுக்காரர்கள் ஆறு பேர் கூடி டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு தரையில் என்று ஆடும் ஆட்டம் அது. பணம் வைப்பதில்லை. ஆளுக்கு 200 புளியமுத்து எண்ணி வைத்துக்கொண்டு உட்காருவோம். அன்றைக்கு அதிகம் சேர்த்தவர் பெயரை ஒரு நோட்டில் குறித்துவைப்போம், அவ்வளவுதான். நான் இந்த ஆட்டத்தை மிகுந்த ஈடுபாட்டோடு படித்துப் பழகிவருகிறேன். எவ்வளவு பந்தயம் வைத்தால் எதிராளி சீட்டைக் கவிழ்த்து விலகுவார், எவ்வளவு வைத்தால் தொடர்ந்து வருவார் என்பதையெல்லாம் கணக்கிட்டு ஆட முயல்கிறேன். ஆனால் என் அத்தானிடம் இந்தக் கணக்கு எதுவும் செல்லுபடியாவதில்லை. கையிலிருக்கும் சீட்டைப் பார்க்காமலே ரைஸ் செய்வார், அதாவது பந்தயத்தை ஏற்றுவார். யார் எவ்வளவு ஏற்றினாலும் கால் செய்வார், அதாவது அதே அளவு வைத்துத் தொடர்வார். கவிழ்ப்பது என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

போன வாரம் நடந்த ஒரு கையைச் சொல்கிறேன். எனக்கு ஸ்பேட் ஏஸும் டைமன் ஏஸும் வந்திருந்தன. அத்தான் வழக்கம்போல் பார்க்காமல் ஏற்றினார், நான் அதற்கு மேல் ஏற்றினேன், மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். ஃப்ளாப்பில், அதாவது தரையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டாக, ஆட்டின் ராஜா, கிளாவர் ஒன்பது, டைமன் நாலு விழுந்தன. நான் பந்தயம் வைத்தேன், அவர் தொடர்ந்தார். நான்காவது சீட்டாக ஸ்பேட் இரண்டு வந்தபோது நடுவில் 80 முத்து கிடந்தது. நான் 40 வைத்தேன். அவர் யோசிக்காமல் தன் 40-ஐ நடுவே தள்ளினார். கடைசிச் சீட்டு டைமன் ஆறு. அவர் கையைத் திருப்பிக் காட்டினால் ஆட்டின் ஒன்பதும் கிளாவர் ஆறும் இருந்தன. அவருக்கு இரண்டு ஜோடி. என் ஏஸ் ஜோடி தோற்றுப்போயிற்று.

பிளஃப் செய்தாலும், அதாவது வெறுங்கையோடு பந்தயம் வைத்து மிரட்டினாலும், எடுபடுவதில்லை, நல்ல சீட்டு வந்தாலும் நிலைப்பதில்லை. யோசித்து ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட உத்திகள் இப்படிப்பட்டவரிடம் பயன்படுமா? படாது என்றால் வேறு எப்படி ஆடவேண்டும்?

பதில்: வண்ணாரப்பேட்டை கணக்கு வாத்தியார்

தம்பி, நீங்கள் சொன்ன அந்தக் கையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது. நான்காவது சீட்டு விழுந்த நேரத்தில் இருவர் கையிலும் உள்ள 4 சீட்டுகளும் தரையில் உள்ள 4 சீட்டுகளும் போக, கட்டில் மீதி 44. அவற்றில் அத்தானுக்கு உதவக்கூடியவை இரண்டு ஒன்பதும் மூன்று ஆறும், ஆக ஐந்தே சீட்டுகள். மற்ற 39-இல் எது வந்திருந்தாலும் நடுவில் இருந்தது முழுவதும் உங்களுடையது. 120 முத்தை வெல்வதற்காக அவர் 40 முத்தைக் கொடுத்து, 44-இல் 5 என்ற வாய்ப்பை வாங்கினார். பெருக்கிக் கழித்துப் பாருங்கள்: அப்படி ஒவ்வொரு முறை தொடரும்போதும் சராசரியாக ஏறத்தாழ 22 முத்தை அவர் உங்களுக்குத் தருகிறார். அன்றைக்கு வந்தது அந்த ஐந்தில் ஒன்று, அவ்வளவுதான். ஒரு பூ பிசான நெல் பொய்த்துவிட்டது என்பதற்காக நம் ஊரில் யாரும் வயலை விற்றுவிடுவதில்லை.

மாற்றவேண்டியது உங்கள் பிளஃபைத்தான். நடுவில் 100 இருக்கும்போது வெறுங்கையோடு 100 வைத்து மிரட்டினால், எதிராளி பாதிக்கு மேற்பட்ட தடவை கவிழ்த்தால்தான் அந்த மிரட்டலில் லாபம் உண்டு. கவிழ்க்கவே மாட்டேன் என்பவரிடம் அந்தப் பாதி எங்கிருந்து வரும்? ஆகவே அவர் கையில் சீட்டு இருக்கிறவரை பிளஃபை அடியோடு விட்டுவிடுங்கள். பதிலாக, நல்ல கை அமையும்போது வழக்கத்தைவிடப் பெரிதாகப் பந்தயம் வையுங்கள். யோசிக்கிற ஆட்டக்காரரிடம் 40 வைக்கிற இடத்தில் இவரிடம் 80 வைக்கலாம், ஏனென்றால் 40-க்கு வருகிறவர் 80-க்கும் வருவார். யோசிப்பவரிடம் வெறும் கால் செய்துவிட்டுப் பதுங்குகிற நடுத்தரமான கைகளையும், உதாரணமாக ராஜா ஜோடியோடு சுமாரான துணைச்சீட்டையும்கூட, இவரிடம் துணிந்து ஏற்றி ஆடலாம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். இரண்டு ஏஸ், ஏதோவொரு கையை வைத்திருக்கும் ஒரே ஒருவரை எதிர்த்து 100-க்கு ஏறத்தாழ 85 தடவை வெல்லும். அதே ஏஸ் ஜோடி, அப்படிப்பட்ட நான்கு பேரைக் கடைசிவரை எதிர்த்தால் ஏறத்தாழ 56 தடவைதான் வெல்லும். ஆறு பேர் ஆட்டத்தில் எல்லோரும் அத்தானைப் பார்த்துத் தொடரத் தொடங்கினால் நல்ல கைகள் அடிக்கடி தோற்பது இயல்பு. அதில் யாருடைய தவறும் இல்லை.

பதில்: அம்பாசமுத்திரத்துக்காரர்

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் அத்தானை யோசிக்காத ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு பேசுவதை நான் ஏற்கமாட்டேன். தம்பி, முத்து தீர்ந்துபோனால் அங்கேயே மறுபடி 200 எண்ணிக் கொடுத்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் அவர் ஏன் கவிழ்க்கவேண்டும்? தோற்பதால் ஒன்றும் குறையப்போவதில்லை, தொடர்ந்தால் கடைசிச் சீட்டைப் பார்க்கிற மகிழ்ச்சியாவது உண்டு. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு மைத்துனமாரோடு உட்கார்ந்து சிரிக்க வந்தவருக்கு அதுதான் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அவர் ஆட்டம் மிகவும் பொருத்தமானது.

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களைப் போல அவரும் ரம்மி ஆடுகிறவராக இருந்தால், அங்கே எப்படி ஆடுகிறார் என்று பாருங்கள். 13 சீட்டு ரம்மியில் முதலிலேயே டிராப் செய்து விலகினால் 20 புள்ளி, நடுவில் என்றால் 40, கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை எழுதவேண்டும். மோசமான கை வந்ததும் பேசாமல் 20-ஐ எழுதச் சொல்லிவிட்டு விலகும் பெரியவர்களே, போக்கரில் கவிழ்க்க மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ரம்மியில் இருந்தால் என்ன நஷ்டம், விலகினால் என்ன நஷ்டம் என்பது உட்காரும் முன்பே தெரியும், நோட்டிலும் ஏறும். போக்கரில் விலையை எதிராளி ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வைக்கிறார்; அது கண்ணுக்கு எளிதில் படுவதில்லை.

ஆகவே மறுபடி முத்து கொடுக்கிற வழக்கத்தை நிறுத்திப் பாருங்கள். தீர்ந்தவர் அன்றைக்கு வெளியே என்றோ, இந்த வாரம் மிஞ்சியதை வைத்துத்தான் அடுத்த வாரம் ஆடவேண்டும் என்றோ எல்லோரும் கூடி முடிவு செய்தால், அத்தான் சில கைகளையாவது கவிழ்க்கத் தொடங்குவார். ஆனால் இதைச் செய்வதற்கு முன் அவருக்கும் அது பிடிக்குமா என்று கேளுங்கள். அவர் வீட்டு மாடியில்தான் ஆடுகிறீர்கள்.

பதில்: தென்காசி நிரலாளர்

உத்திகள் யோசிக்கிற எதிராளிக்காகவே வகுக்கப்பட்டவை என்று கேள்வியில் இருக்கிறது. அது முழுக்கச் சரியில்லை. இருவர் மட்டும் ஆடி, ஒருவர் இழப்பதை மற்றவர் அப்படியே பெறுகிற ஆட்டத்தில், நாஷ் சமநிலை (யாரும் தன் முறையை மட்டும் மாற்றி லாபம் பெறமுடியாத நிலை) என்று சொல்லப்படும் ஆட்டமுறையை ஒருவர் கடைப்பிடித்தால், எதிராளி யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் இருவரும் மாறி மாறிச் சீட்டுப் போடுகிறவரை சராசரியில் அவருக்கு நஷ்டம் வராது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் 2017 ஜனவரியில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. எதிரே இருப்பவரின் பலவீனத்தைத் தேடிப்போவது அதன் வழியாக இருக்கவில்லை. தன் ஆட்டத்தில் இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொரு இரவும் கண்டுபிடித்து அடைப்பதுதான் அதன் வேலையாக இருந்தது.

ஆனால் நீங்கள் ஆறு பேர் ஆடுகிறீர்கள். ஆறு பேர் ஆட்டத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது, அதோடு அத்தானைப் போன்றவரிடமிருந்து பெறக்கூடிய முழு லாபத்தையும் சமநிலை ஆட்டம் பெற்றுத் தராது. எனவே வாத்தியார் ஐயா சொன்னபடி அவருக்கென்று ஆட்டத்தை மாற்றிக்கொள்வதே நல்லது. ஆனால் அந்த மாற்றத்தை மற்ற நால்வரிடமும் காட்டினால் அவர்கள் உங்களைப் படித்துவிடுவார்கள்.

தோற்ற கையில் அவர் செய்தது தவறு என்று ஆடும் இடத்திலேயே விளக்கிச் சொல்லாதீர்கள். கோபத்தில் சொல்வது ஒருபுறம் இருக்க, அவர் கேட்டுத் திருந்திவிட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். பழகுவதற்காக இணையத்தில் பணம் வைத்து ஆடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதைத் தடை செய்கிறது. புளியமுத்தே போதும்.

பாளைச் சீட்டாளி

மூவருக்கும் நன்றி. மறுபடி முத்து கொடுப்பது உண்மைதான். அக்காவிடமும் அத்தானிடமும் பேசுகிறேன். இன்னும் ஒரு சந்தேகம். அவர் சீட்டைப் பார்க்காமலே ஏற்றும்போது, எந்தக் கைகளோடு நான் எதிர்த்து ஏற்றலாம்?

பதில்: வண்ணாரப்பேட்டை கணக்கு வாத்தியார்

அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை என்றால் அவர் கையில் இருப்பது கட்டிலுள்ள ஏதோ இரண்டு சீட்டு. ஏஸோ ராஜாவோ ஒன்று இருந்தாலே அப்படிப்பட்ட கையைவிட நீங்கள் பாதிக்குச் சற்று மேலே இருக்கிறீர்கள். எட்டின் ஜோடி என்றால் 100-க்கு ஏறத்தாழ 69 தடவை வெல்லும், ஜாக்கி ஜோடி என்றால் 77-க்கும் மேல். ஆனால் உங்களுக்குப் பிறகு பேசவேண்டியவர்கள் பார்த்துத்தான் ஆடுகிறார்கள், அதனால் ஏஸோடு இரண்டு, ராஜாவோடு மூன்று போன்ற கைகளோடு கிளம்பவேண்டாம். ஏஸோடு பத்தும் அதற்கு மேலும், ஏழின் ஜோடியும் அதற்கு மேலும் வந்தால், அவர் ஏற்றியதைப்போல மூன்று மடங்கு ஏற்றுங்கள். மற்றவர்கள் விலகி, நீங்களும் அவரும் மட்டும் மிஞ்சவேண்டும். 56 ஆகிவிடும் கையை 85-இல் நிறுத்துவது அப்படித்தான்.

அதற்கு உட்காரும் இடம் முக்கியம். பேச்சு இடமாகத்தானே சுற்றுகிறது? அத்தான் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு இடப்பக்கம் அடுத்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்றிய பிறகு முதலில் பேசுகிறவர் நீங்களாக இருப்பீர்கள், மற்றவர்கள் நுழைவதற்கு முன்பே விலையை நீங்கள் வைத்துவிடலாம்.