டைடு எய்டு: ‘தளையுதவி’ என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

‘டைடு எய்டு’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். திருவொற்றியூரில் எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு சிறு வெளியீடு எழுதுகிறேன். கொசஸ்தலையாற்றுப் படுகை மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இப்படி வெளியிலிருந்து வரும் கடன்களில் என்னென்ன வகை உண்டு என்று தமிழில் விளக்கப் போய்த்தான் இந்தச் சொல்லில் வந்து நின்றேன்.

பொருளை முதலில் பேசிவிடுவோம். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குக் கடனோ கொடையோ தருகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு வாங்கும் இயந்திரம், கம்பி, பொறியாளர் சேவை எல்லாம் தந்த நாட்டிலேயே வாங்க வேண்டும். இதுதான் டைடு எய்டு. ஜப்பானின் ‘ஸ்டெப்’ வகைக் கடனில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானியச் சரக்காகவும் சேவையாகவும் இருக்க வேண்டும். நம் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாக இந்தியா பிற நாடுகளுக்குத் தரும் கடனிலும் பொதுவிதி 75 சதவீதம் இந்தியச் சரக்கு. ஆகவே இது நமக்குச் செய்யப்படுவது மட்டுமில்லை, நாமும் செய்வது. வெளியீட்டில் இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன்.

> ‘நிபந்தனை உதவி’ போதுமே, எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. நிபந்தனை வேறு வேலைக்குப் போய்விட்ட சொல். 1991இல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் நாம் கடன் வாங்கியபோது, பற்றாக்குறையைக் குறை, இறக்குமதியைத் தளர்த்து என்று கேட்டார்களே, அது நிபந்தனை. உன் கொள்கையை மாற்று என்பது அது. இங்கே பேச்சு கொள்கையைப் பற்றியதே இல்லை. எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

> வடக்கு ரயில் பாதையைத் திருப்பிப் போட்டது இந்தியக் கடனில, வேலை எடுத்தது இந்திய நிறுவனம். ‘கட்டுண்ட கடன்’ எண்டால் எவருக்கும் விளங்கும்தானே?

யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன எடுத்துக்காட்டை அப்படியே என் வெளியீட்டில் சேர்த்துக்கொள்கிறேன். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது பெரிய காரியம்தான். ஆனால் ‘கட்டு’ என்ற வேரில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கள் பக்கம் “கடன் கட்டிட்டேன்” என்றால் அடைத்துவிட்டேன் என்று பொருள். கட்டுக்கடன், கட்டுண்ட கடன் எதைச் சொன்னாலும் தவணை ஞாபகம்தான் வரும். ‘பிணை’யும் ஆகாது. பிணையம் என்ற சொல் வங்கிப் படிவம் முழுக்க இருக்கிறது.

இந்த மாதிரிக் கட்டை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். காசிமேட்டில் என் மச்சான் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். எஞ்சினுக்கு ஏலக்காரர் ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலை நானும் கூடப் போயிருந்தேன். கூடையில் நல்ல வஞ்சிரம். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடவே தருகிறேன் என்றார். மச்சான் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். “கை நீட்டிட்டோம்ல, அங்கதான் போட்டாவணும்” என்றார். எஞ்சின் இல்லாமல் அந்த மீனே இல்லை, அதுவும் உண்மை. அவருக்கு விற்கும் இடம் கட்டுப்பட்டிருக்கிறது. நாடுகளுக்கு வாங்கும் இடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த விலை வித்தியாசம் சின்னதில்லை. ஓஈசிடி என்னும் பணக்கார நாடுகளின் அமைப்பே, இப்படிக் கட்டுப்பட்ட உதவியில் வாங்கும் பொருளுக்கு 15 முதல் 30 சதவீதம் வரை கூடுதல் செலவாகிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. 2001இல் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லி அதே அமைப்பு பரிந்துரைத்தது. இது கூடுதல் விலையோடு முடிவதில்லை என்பது என் கவலை. இயந்திரம் அங்கிருந்து வந்தால் உதிரிபாகத்துக்கும் அங்கேதான் எழுத வேண்டும். உள்ளூர்ப் பட்டறைக்காரர் அதைத் தொட்டுக் கற்றுக்கொள்ள வழியில்லாமல் போனால் அந்த வளர்ச்சி எப்படி நிலைக்கும்?

கட்டில்லாத கடனும் இருக்கிறது. சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்குப் பெரும்பணம் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா தந்த கடன். ஆனால் வண்ணாரப்பேட்டையில் நாம் ஏறும் ரயில், பிரெஞ்சு நிறுவனமான ஆல்ஸ்தாம் செய்தது. பெரும்பாலான பெட்டிகள் இங்கே பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் உருவானவை.

சரி, என் பரிந்துரை: தளை. தளையுதவி, தளைக்கடன்.

பொன்னேரிப் பக்கம் என் அத்தை ஊரில் பனையேறுகிறவர் இரண்டு காலையும் சேர்த்து ஒரு நார் வளையம் மாட்டிக்கொள்வார். அதற்குப் பெயர் தளைநார். காலைக் கட்டிக்கொண்டு எப்படி ஏறுகிறார் என்று சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த வளையம் மரத்தைக் கவ்வுவதால்தான் ஏறவே முடிகிறது. ஆனால் அது மாட்டியிருக்கும்வரை ஒரு காலைத் தனியாக எடுத்து வைக்க முடியாது. மச்சானின் முன்பணமும் இதேதான்: உதவியும் உண்டு, கட்டும் உண்டு. கால்விலங்கு என்று சொல்லியிருந்தால் முதல் பாதி விட்டுப்போயிருக்கும்.

இன்னொரு காரணம், இந்தச் சொல் குட்டி போடும். அவிழ்ப்பதற்குத் தளைநீக்கம். கட்டில்லாதது தளையிலாக் கடன். பாதி கட்டியது பகுதித்தளை. எத்தனை சதவீதம் என்றால் தளை அளவு. ‘கட்டுண்ட உதவி’யிலிருந்து இவற்றையெல்லாம் எடுக்கப் பார்த்தேன், வாய்க்குள் நுழையவில்லை.

தளை என்றதும் யாப்பு நினைவுக்கு வருகிறது என்று கோவை நண்பர் சொல்லக்கூடும். வரட்டும். அங்கேயும் ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவதுதானே அது.

ஒரே ஒரு ஐயம். கொடையையும் கடனையும் சேர்த்துச் சொல்லும்போது ‘தளையுதவி’ என்றே விடலாமா, இல்லை கடனை எப்போதும் தனியே ‘தளைக்கடன்’ என்று பிரித்துத்தான் எழுத வேண்டுமா? எய்டு என்ற தலைப்பில் வருவதில் திருப்பிக் கட்ட வேண்டிய பணமும் நிறைய இருக்கிறது. அதை உதவி என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து