மீட்டிங்கில் ஒரு வார்த்தை, அதிலிருந்து "நீங்க"

கணக்குப்புள்ளி:
மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாதாந்திர ரிவியூ, மேனேஜரும் இருக்கிறார், நண்பன் எக்செல் ஷீட்டைத் திரையில் போட்டிருக்கிறான். மொத்தம் இடிக்கிறதே என்று பார்த்தால் கூட்டல் ஃபார்முலா கடைசி வரியைச் சேர்க்காமல் நின்றுவிட்டது. "இதைக்கூடப் பார்க்காம எப்படிப்பா கொண்டுவந்தே?" என்று கேட்டுவிட்டேன். தப்பு இருந்தது உண்மைதான், ஆனால் அந்த "கூட" எதற்கு? மவுஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அப்புறம் "சரிங்க, மாத்திடறேன்" என்றான். ஆறு வருஷமாக என்னை வாடா போடா என்றவன். அன்றிலிருந்து நீங்க, வாங்க, சொல்லுங்க. திட்டியிருந்தால் பரவாயில்லை.

ராத்திரி ஷிப்ட்:
நான் அந்தப் பக்கம். மெயிலில் ஒரு தேதியைத் தவறாகப் போட்டுவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திருத்தி அனுப்பினார், "தயவுசெய்து கவனிக்கவும்" என்று ரொம்பப் பவ்யமாக. சிசியில் என் மேலதிகாரி, அவருக்கும் மேலதிகாரி. நாற்காலியைத் திருப்பினால் என் முகம் தெரியும் தூரம். இப்போது நானும் அவருக்கு மெயில்தான், சிசி போட்டு. (பெருமையாகச் சொல்லவில்லை.)

நேர்பேச்சு:
கணக்குப்புள்ளி இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. தொகை அப்படியே மேலே போயிருந்தால் யார் பதில் சொல்வது? நான் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொல்லி யாரும் கவனிக்காமல் ஒரு வேலை முழுவதும் திரும்பச் செய்தோம், என் கதை அவ்வளவுதான். 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ரேடியோ குழப்பம் என்று காரணம் பல. ஆனால் கிளம்ப ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் காக்பிட் பதிவில் இதுவும் இருக்கிறது: முன்னால் இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகமாகக் கேட்கிறார், கேப்டன் விலகிவிட்டது என்று அடித்துச் சொல்கிறார், பேச்சு அதோடு முடிகிறது. அதற்கப்புறம்தான் ஜூனியர்கள் வாய்திறந்து பேசுவதற்கே விமானத்துறையில் தனியாகப் பயிற்சி வந்தது. அதனால் மழுப்பாதீர்கள். எந்தத் தப்பு, எந்த வரி, என்ன விளைவு, மூன்றையும் அங்கேயே சொல்லுங்கள், முகம் சுண்டினால் சுண்டட்டும்.

சோதனைக்காரி:
நேர்பேச்சு சார், அந்தக் கதையில் இன்ஜினியர் கேட்டார், கேப்டன்தான் காதில் வாங்கவில்லை. நீங்கள் சொன்ன பாடத்தில் அந்தப் பாதியை விட்டுவிட்டீர்களே. உங்களை மாதிரி ஒரு சீனியர், நான் கேட்ட கேள்விக்கு எல்லார் முன்னாலும் "இது தெரியாமலா இந்த டீமில் இருக்கே?" என்றார். அடுத்த மாதம் அவருடைய வேலையிலேயே ஒரு ஓட்டையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்க்ரீனை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கும் அது சரி என்று தோன்றவில்லை, ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை.

கணக்குப்புள்ளி:
நேற்று அவன் தனியாக இருந்தபோது போய், "தப்பைச் சொன்னதுக்கு இல்லடா, அத்தனை பேர் முன்னால அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சிடு" என்றேன்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான்.