பூதக்குட்டிகளை வீட்டுக்குள் விட்டவர்கள் எழுதுங்கள்

பிள்ளைகளுக்குப் பூதக் கதை வாசித்துக் காட்டியவர்களின் அனுபவத்தைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் இவை.

திருப்பூரிலிருந்து:

2021-இல் அரசு தொடங்கிய மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் வீதிக்கு நான் தன்னார்வலர். மாலை 5 மணிக்கு மேல் திண்ணை நிறையப் பிள்ளைகள். வாய்ப்பாடு சலித்துப்போன ஒருநாள், பூதக்குட்டிகளைப் பற்றிய சிறுவர் நாவல் ஒன்றை வாசிக்க ஆரம்பித்தேன். ஊரார் துரத்திவிட்ட குட்டிகள் தங்க இடம் தேடி அலைகிற கதை. ஒரு குட்டிக்குக் கோரைப்பல், இன்னொன்றுக்கு உடம்பெல்லாம் முடி.

மூன்றாம் பக்கத்திலேயே தகராறு. "பல் நீட்டிக்கொண்டிருந்தால் எதற்கு அக்கா துரத்த வேண்டும்?" என்றான் ஒரு பையன். அவன் பெயரே முனியப்பன். எங்கள் ஊர் எல்லையில் பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக, வாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தானே. கிடா வெட்டிக் கும்பிட்டுவிட்டு அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறோம். நான் எச்சில் விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பையன் ஒருவன் தூணோரம் உட்காருவான். இரண்டு மாதமாக வாய் திறந்ததில்லை. 'பூதம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து, "பூத்?" என்றான். இந்தியில் அது பேய். நம் பூதத்துக்குத் தொந்தி உண்டு என்று முனியப்பன் வயிற்றை உப்பிக் காட்டினான். இவன் மறுத்துத் தலையாட்டி, எழுந்து, பாதங்களைப் பின்பக்கமாகத் திருப்ப முயன்று தத்தித் தத்தி நடந்தான். அவர்கள் ஊர்ப் பேய்க்குப் பாதம் பின்னோக்கி இருக்குமாம். "எங்கள் பேய்க்குக் கால் தரையிலேயே படாது, தெரியுமா?" என்று மற்றவர்கள் கூச்சல். அவனுக்குப் புரியவைக்க ஆளாளுக்குக் குதித்துக் காட்டினார்கள்.

மறுநாள் வீதி முழுக்கப் பாதம் திரும்பிய பேய்கள். நாவல் ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று, யாரும் கேட்கவில்லை.

பவானியிலிருந்து:

எங்கள் வீட்டிலும் இப்படியொரு கதை ஓடியது. முடிவில் அந்தப் பூதக்குட்டிக்கு முடியை வெட்டி, சட்டை மாட்டிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். "அப்புறம் அது எப்படிப் பூதம்?" என்று என் மகன் ஜமக்காளத்தைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இரவுச் சோற்றுக்கும் வெளியே வரவில்லை. அவன் பக்கம்தான் நானும். வெட்டியது முடிதான் என்றாலும் எனக்கும் ஆறவில்லை.

ஆனைமலையிலிருந்து:

நாங்கள் மாசாணியம்மன் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறோம். மிளகாய் அரைத்துப் பூசுகிற கூட்டத்தைத் தாண்டி, படுத்திருக்கும் அம்மனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பாதி படித்த பூதக் கதை மனதில் ஓடியதோ என்னவோ, மகள் கேட்டாள்: "அம்மன் குட்டியாக இருந்தபோது அவளோடு யார் விளையாடினார்கள்?"

நான் விழித்தேன். அம்மிச்சி (அம்மாவழிப் பாட்டி) வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள் சாமி. அதுதான் கோபித்துக்கொண்டு இன்னும் படுத்திருக்கிறாள்."