பழைய கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? சேலம் நண்பர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாபேட்டையில் இருக்கிறேன். என் தம்பி கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது எங்கள் பழைய டெஸ்க்டாப்பில்தான். இன்டெல் ஐ5 4570, 16 ஜிபி ராம், 300 வாட் பவர் சப்ளை. கார்டுக்கென்று தனி பவர் ஒயர் கிடையாது. போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுவதாக இருக்க வேண்டும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டு வெறும் 53 வாட்தான். ஆனால் வீடியோ என்கோட் செய்யும் (எடிட் செய்ததைச் சுருக்கி ஃபைலாக்கும்) வசதி அதில் இல்லை. டேட்டா போகும் பாதை (லேன்) நான்கு மட்டும் என்பதால், பழைய தலைமுறை ஸ்லாட்டான பிசிஐஇ 3.0 உள்ள எங்கள் போர்டில் வேகமும் குறையும். எடிட்டிங்குக்கு அது சரிப்படாது என்றே நினைக்கிறேன். அப்புறம், தனி ஒயர் கேட்காத என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு மாடல். அதைச் செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா? எதையெல்லாம் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்?

கடையில் கம்ப்யூட்டரையே மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் இப்போது இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும்.