பெரியப்பாவின் வலது காது

*குடும்பக் குழு: நோர்வூட் – அட்டன் (இலங்கை மலையகம்) – கோத்தகிரி (நீலகிரி)*

நான் (அட்டன்): பெரியப்பா, நேற்றும் இரண்டு தடவை அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது சுகமில்லையா?

பெரியப்பா (கோத்தகிரி): உடம்பு நன்றாக இருக்கிறது மகள். வலது காதுதான் கேட்பதில்லை. இந்தியப் பட்டாளத்தில் 25 இறாத்தல் குண்டு சுடும் பீரங்கியில் குறி வைப்பவனாக இருந்தேன். அந்த இருக்கை பீரங்கியின் இடப்பக்கம் இருப்பதால், வெடிச்சத்தம் முழுவதும் வலது காதில்தான் விழும். அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒரு துண்டுப் பஞ்சு மட்டுமே.

நோர்வூட் அத்தை: அண்ணே, இராணுவத்தில் இருந்தீர்கள் என்பது தெரியும். ஆனால் அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லையே.

பெரியப்பா (கோத்தகிரி): 1972இல் மாமா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரிக்கு வந்தது உனக்குத் தெரியும். 1975இல் பட்டாளத்தில் சேர்ந்தேன். மகாராஷ்டிராவின் நாசிக் ரோடு முகாமில் பயிற்சி நடந்தது. விடியற்காலையில் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி முன்னால் நிற்பது போலவே இருந்தது. முதல் நாள் குண்டைத் தூக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் முனகினார்கள், எனக்கு அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. அதைவிடக் கனமான கூடையை நம் அம்மா நெற்றியில் கயிறு போட்டு மலை ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நான் (அட்டன்): குறி வைப்பது என்றால், இலக்கு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

பெரியப்பா (கோத்தகிரி): தெரியாது மகள், அதுதான் இந்த வேலையின் விசித்திரம். அந்தப் பீரங்கி ஏறக்குறைய 12 கிலோமீட்டர் சுடும், இலக்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். முன்னால் ஓர் உச்சியில் அதிகாரி ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, குண்டு அப்பால் விழுந்ததா இப்பால் விழுந்ததா என்று வயர்லெஸில் சொல்வார். ஒன்று அப்பால், ஒன்று இப்பால் விழுந்ததும், அந்த இடைவெளியைப் பாதியாக்கி, மறுபடியும் பாதியாக்கி நெருங்குவோம். காலைக் குளிரில் வெடிமருந்து குளிர்ந்திருந்தால் குண்டு சற்றுக் கிட்டத்தில் விழும் என்பதால், அதற்கும் காற்றுக்கும் கணக்குப் போட வேண்டும். மழைக்காலத்தில் நாசிக் பக்கத்தில் நாங்கள் சுட்டுப் பழகிய தேவ்லாலியின் மொட்டை மலைகள் பச்சை பிடிக்கும்போது, நம் ஊர் மானாப்புல் மலையைச் சுடுவதாகவே எனக்குத் தோன்றும். அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா (நோர்வூட்): அண்ணே, போருக்குப் போனீர்களா?

பெரியப்பா (கோத்தகிரி): இல்லை தம்பி. 1971 போர் முடிந்த பிறகு சேர்ந்தேன், 1999இல் கார்கிலில் சண்டை வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். பிற்பாடு 17 கிலோமீட்டர் சுடும் 105 மில்லிமீட்டர் பீரங்கிக்கு மாறினோம். எதில் சுட்டாலும் என் குண்டு விழுந்தது பாறையிலும் மணலிலும்தான்.

நோர்வூட் அத்தை: அப்படியானால் 1987இல்?

பெரியப்பா (கோத்தகிரி): நீ கேட்பாய் என்று நினைத்தேன். ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் புறப்பட்டபோது, நாங்கள் ராஜஸ்தானில் இருந்தோம். தமிழ் பேசுபவன், அந்த நாட்டில் பிறந்தவன், உன்னைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்று கூட இருந்தவர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. பிறந்த மண்ணுக்கு மறுபடி போக வேண்டும் என்று பதினைந்து வருடம் ஏங்கியவன், இந்த உடுப்போடு மட்டும் போகக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் மாரியம்மனை வேண்டினேன். 1990 மார்ச்சில் படை திரும்பும்வரை எங்கள் ரெஜிமென்டுக்கு ஆணை வரவில்லை.

அப்பா (நோர்வூட்): அண்ணே, தோட்டத்தில் நம் லயத்து (வரிசை வீட்டு) வீட்டு விஷயத்தில் கோபம் வைத்துக்கொண்டுதான் என் அழைப்பை எடுப்பதில்லை என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

பெரியப்பா (கோத்தகிரி): கோபம் ஒன்றும் இல்லை தம்பி. முதலில் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ பேசுவது விளங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு "சரி, சரி" என்று வைத்துவிட்டேன். எதற்கெல்லாம் சரி சொன்னேன் என்பதை இங்கே எழுது.