பொருள்: குத்துக்கற்களின் 'அலைன்மென்ட்' – தமிழில் என்ன சொல்வது?

கிருஷ்ணகிரியிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை பத்தாம் வகுப்பு மாணவர்களை மல்லச்சந்திரம் கற்திட்டைகளுக்கு (கற்பலகைகளால் அமைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்) அழைத்துச் செல்கிறேன். வெள்ளிக்குள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். குத்துக்கல், கல்வட்டம், இடுதுளை (திட்டையின் பலகையில் இட்ட துளை) எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. கல்லின் நிலை சூரியன் உதிக்கும் இடத்தோடு பொருந்துவதற்கு 'வரிசையமைவு' என்று எழுதினேன். ஆனால் கர்நாடகத்து விபூதிஹள்ளியில் பாறைகளை வரிசை வரிசையாக இட்டிருப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம்? கல்லோடு கல் சேர்வது வேறு, வானத்தோடு கல் பொருந்துவது வேறு.

அரூரிலிருந்து:
நெடுநல்வாடை இருக்கக் கவலை எதற்கு? 'இருகோல் குறிநிலை வழுக்காது' என்று, கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை கண்டு, 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு' அரண்மனைக்கு மனை வகுத்ததை நக்கீரர் பாடுகிறார். நட்டது கோலானால் என்ன, கல்லானால் என்ன? 'குறிநிலை' என்பதே சொல். தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடமும் குறிதான். பகற்குறி, இரவுக்குறி என்கிறோமே. குறித்த நாளில் கல்லும் கதிரும் சந்திப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

ஓசூரிலிருந்து:
ஐயா, களவொழுக்கத்தைப் பத்தாம் வகுப்புக் கையேட்டில் யார் விளக்குவது? என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். தெலங்கானாவில் கிருஷ்ணா நதிக்கரை முடுமாலில் நெடுங்கற்களை 'நிலுவுராள்ளு' என்கிறார்கள். நிற்கும் கற்கள், அவ்வளவுதான். அதுபோல 'சூரியநோக்கு' என்றால் கேட்டவுடன் புரியும்.

தர்மபுரியிலிருந்து:
புரியும், ஆனால் தவறாகப் புரியும். நோக்கு என்றவுடன் நோக்கமும் உள்ளே வந்துவிடுகிறது. நம் அட்சரேகையில் உதயம் நேர்கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை, தெற்கே அதே அளவு நகர்கிறது. இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் ஏறத்தாழ 40 பாகை. அந்த எல்லைக்குள் எந்தப் பக்கம் திறந்த துளையானாலும் ஆண்டில் இரண்டு நாளாவது காலைக்கதிர் நேரே விழத்தான் செய்யும். வைத்தவன் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு, சூரியன் தெற்கே திரும்பும் ஜூன் நாளின் உதயத்தோடு பொருந்துவது அளந்து கண்ட உண்மை. முடுமாலில் ஒரு கல்லில் எழுமீன் (சப்தரிஷி மண்டலம்) வடிவில் குழிகள் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அங்கே நோக்கைப் பற்றி வாதிடலாம். திசைமானியை எடுக்காமலே மல்லச்சந்திரத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால், கேள்வியை எழுப்பும் முன்பே விடையை அச்சிட்டவர்கள் ஆவோம். பொருந்தியிருக்கிறது என்று மட்டும் சொல்லும் 'கதிர்நேர்வு' போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். மூவர் ஏற்றதால் 'கதிர்நேர்வு' என்றே அனுப்பிவிட்டேன். குறிநிலையை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன், அரூர் ஐயா கோபிக்க வேண்டாம்.

அரூரிலிருந்து:
கோபமில்லை. ஆனால் முப்பது ஆண்டு அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று படித்த எனக்கு, நேர்வு என்றாலே கல் தெரிவதில்லை, கோப்புதான் தெரிகிறது. நான் குறிநிலை என்றே எழுதுவேன்.