நியோ ஜியோ பாக்கெட் கலர் என்ற கையடக்க கேம் கருவியைத் திருத்தத் தெரிந்தவர்கள் திருகோணமலையில் இருக்கிறீர்களா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்த நியோ ஜியோ பாக்கெட் கலர், 1999இல் எஸ்.என்.கே. நிறுவனம் விட்டது, இவ்வளவு காலமும் அலுமாரிக்குள் கிடந்ததை நேற்று எடுத்துப் பார்த்தால் பற்றரி ஒழுகித் தகடெல்லாம் பச்சை பிடித்துப் போயிருக்கிறது.

எல்லாரும் கேம் போயைப் பற்றித்தான் கதைப்பார்கள். இதன் குட்டி ஜாய்ஸ்டிக் ‘கிளிக் கிளிக்’ என்று விரலுக்குத் தரும் சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. இரண்டு ஏஏ பற்றரியில் 40 மணித்தியாலம் வரை ஓடும். திரைக்குள் வெளிச்சம் இல்லை, அதனால் டச் பே கரையில் பின்னேர வெயிலுக்குச் சரித்துப் பிடித்துத்தான் சோனிக் பாக்கெட் அட்வென்ச்சர் ஆட்டத்தை முடித்தேன்.

நகரத்திலோ உப்புவெளிப் பக்கமோ தகடு மாற்றி ஈயம் வைக்கத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. சேமித்த ஆட்டம் கேசட்டுக்குள்ளேயே பதிவாகும், அப்போது விட்ட இடம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.